பரணில் கிடக்கும் லேப்டாப்பிலிருந்து மேசைக் கணினி: பெட்டி செய்யும் முறை

கீல் முறிந்தோ திரை உடைந்தோ பரணுக்குப் போன லேப்டாப்பில் மதர்போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை ஒரு பெட்டிக்குள் வைத்து வெளி மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டினால், சத்தமில்லாமல் ஓடும் சிறிய மேசைக் கணினி தயார். சும்மா இருக்கும்போது இப்படிப்பட்ட கணினி இழுக்கும் மின்சாரம் பொதுவாக 10 முதல் 20 வாட்தான்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 2011 முதல் 2014 வரை விற்ற 14 அங்குல லேப்டாப். இன்டெல் கோர் ஐ5 இரண்டாம், மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை, 35 அல்லது 37 வாட் புராசசர், ஒரே ஒரு ஃபேன். கீழே உள்ள அளவுகள் 340 × 235 மி.மீ. அடிப்பாகம் உள்ள லேப்டாப்புக்கானவை. உங்களுடையதை அளந்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பலரும் முதலில் அழகான பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போர்டை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். பாதி வேலையில் கைவிடுவதற்கு இதுதான் காரணம். மேசைக் கணினி போர்டுகளுக்கு இருப்பது போல லேப்டாப் போர்டுக்குப் பொதுவான துளை அளவு எதுவும் கிடையாது. ஒரு துளை 3 மி.மீ. உயரத்தில் உட்காரும், பக்கத்துத் துளை 5 மி.மீ. உயரத்தில். புராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் ஒரு மூலையில் போர்டைத் தாண்டித் தொங்கும். போர்டே மெல்லியது, தட்டையான பலகையில் வைத்துத் திருகினால் வளைந்துவிடும். வளைந்த போர்டு அன்றைக்கு ஓடும். சில மாதம் கழித்து சிப்புகளுக்கு அடியில் உள்ள சால்டர் புள்ளிகள் விரிசல் விட்டு நின்றுபோகும்.

ஆகவே லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டைச் சரியான உயரங்களில் தாங்குவதும், ஃபேனுக்குக் காற்று வாங்குவதும், போர்ட்டுகளை (ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி போன்ற பிளக் மாட்டும் வாய்களை) வரிசையில் நிறுத்துவதும் அதுதான். மூடி, திரை, கீபோர்டு, கை வைக்கும் மேல்தகடு எல்லாம் போகட்டும். போர்டை அடிப்பாகத்திலேயே விட்டு, அதைச் சுற்றிப் பெட்டி கட்டுங்கள்.

கழற்றும் முன் சோதனை

முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்புகள் உண்டு. பழைய அலுமினிய மேக்புக் ப்ரோக்கள் அப்படித்தான். அவை இந்த வேலைக்குத் தோதானவை அல்ல. டெல் லேப்டாப்புகளில் அடாப்டர் பின்னின் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்பதை மதர்போர்டு அதன் வழியாகத்தான் கேட்டறிகிறது. ஊசி வளைந்திருந்தாலோ போலி அடாப்டராக இருந்தாலோ புராசசர் மிக மெதுவாக ஓடும். போர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும் கோளாறு இது. அடாப்டரை மாற்றினாலே சரியாகிவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால் நெம்பவோ குத்தவோ கூடாது. அதைத் தனியே, தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் செல்களைப் பிரித்து வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்து பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே உள்ள அமைப்பு மென்பொருள்) போய்ப் பாஸ்வேர்டு ஏதும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகங்களிலிருந்து ஏலத்தில் வரும் லேப்டாப்புகளில் இது சாதாரணம். பெட்டி முடிந்த பிறகு கண்டுபிடித்தால் அத்தனை உழைப்பும் வீண். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். டெல்லில் 'வேக் ஆன் ஏசி', லெனோவோவில் 'பவர் ஆன் வித் ஏசி அட்டாச்' என்ற பெயரில் இருக்கும்.

இதற்குப் பிறகு ஒன்றைக் கழற்று, ஒருமுறை ஓட்டு என்பதே விதி. திரையின் கேபிளைக் கழற்றி, வெளி மானிட்டரில் படம் வருகிறதா பாருங்கள். பிறகு கீபோர்டு, பிறகு டச்பேட். எதைக் கழற்றியதும் ஓடாமல் போகிறதோ அது பெட்டிக்குள்ளும் இருந்தாக வேண்டும். ஃபேன் கட்டாயம் இருக்க வேண்டியது: திங்க்பேடும் பல ஹெச்பி மாடல்களும் ஃபேன் சுற்றாவிட்டால் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பயாஸ் பேட்டரியும் அப்படியே இருக்கட்டும். அது தீர்ந்திருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் தேதியும் பயாஸ் அமைப்பும் அழிந்துபோகும். ஒயர் வைத்த சிஆர்2032 வாங்கி மாற்றிவிடுங்கள்.

தேவையானவை

6 மி.மீ. ப்ளைவுட்டில் 341 × 279 மி.மீ. துண்டு 2 (அடிப்பலகை, மேல்பலகை). 12 மி.மீ. ப்ளைவுட்டில் 341 × 60 மி.மீ. துண்டு 2 (முன், பின்). 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் 279 × 72 மி.மீ. துண்டு 2 (இடம், வலம்). 12 × 12 மி.மீ. மர ரீப்பர், 54 மி.மீ. நீளத்தில் 4. பித்தளை ஸ்பேசர் (அடிப்பாகத்தைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் மரையுள்ள குழாய்) எம்3, 10 மி.மீ. உயரம், 6. தலை பதியும் எம்3 × 10 திருகு 6, சாதா எம்3 × 6 திருகு 6. மரத் திருகு 3 × 20 மி.மீ., 30. பெட்டிக்குக் காலாக 15 மி.மீ. உயர ரப்பர் புஷ் 4. 12 மி.மீ. அகல, 15 மி.மீ. தடிமன் ஃபோம் டேப் ஒரு சுருள். 16 மி.மீ. புஷ் பட்டன் 1. தெர்மல் பேஸ்ட், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மல்டிமீட்டர், நுனி மெல்லிய சால்டரிங் அயர்ன்.

சென்னைக்காரர்களுக்கு ஸ்பேசர், பட்டன், டேப் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். ப்ளைவுட்டை வாங்கும் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்குங்கள். கையால் அறுத்தால் மூலைகள் சதுரமாக வராது.

பக்கவாட்டுக்கு ஏன் தகடு? லேப்டாப்பில் போர்ட்டுகள் ஓரத்தோடு ஒட்டி இருக்கும். 12 மி.மீ. மரச் சுவரைத் தாண்டி ஹெச்டிஎம்ஐ பிளக்கின் உலோக முனை உள்ளே எட்டவே எட்டாது. 3 மி.மீ. அக்ரிலிக்கில்கூடச் சில சமயம் அரைகுறையாக உட்கார்ந்து படம் விட்டு விட்டு வரும். சுவர் 2 மி.மீ. இருந்து, ஓட்டையும் பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பு நுழையும் அளவுக்குப் பெரியதாக இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. உள் அகலத்தை 341 என்று அடிப்பாகத்தைவிட 1 மி.மீ. மட்டும் கூட்டி வைத்ததும் இதற்காகத்தான்.

அடிப்பாகத்தைத் தயார் செய்தல்

ஹீட்சிங்க் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, பூட்டும்போது சிறிய எண்ணிலிருந்து. காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணியில் பாதியளவு புதிய பேஸ்ட் வையுங்கள். பக்கத்துச் சிப்புகள்மேல் உள்ள தெர்மல் பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். 0.5 மி.மீ. இருந்த இடத்தில் 1 மி.மீ. ஒட்டினால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு புராசசரைத் தொடாது. பத்து விநாடியில் 95 டிகிரி காட்டும்.

அடிப்பாகத்தில் எதையாவது வெட்ட நினைத்தால் அது என்ன பொருள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் என்றால் கவலையில்லை. அலுவலக லேப்டாப்புகள் பலவற்றில் உள்ளே இருப்பது மெக்னீசியக் கலவை. அதன் தூள் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிட்டு எரியும். பெயின்ட்டைச் சுரண்டி ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அதில் கிரைண்டர் வைக்கவே கூடாது. கை ரம்பத்தால் மெதுவாக அறுத்து, தூளை அவ்வப்போது திரட்டி அப்புறப்படுத்துங்கள், பக்கத்தில் காய்ந்த மணல் இருக்கட்டும். வெட்டாமலே வைக்க முடியும் என்றால் வெட்டாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம். மேலே சொன்ன அளவுகள் வெட்டாத அடிப்பாகத்துக்கே பொருந்தும்.

போர்டை எடுத்துவிட்டு, போர்டுக்கு அடியில் வராத ஆறு இடங்களில் ஸ்பேசர் பூட்ட 3.2 மி.மீ. துளை போடுங்கள். நான்கு மூலை, நடுவில் இரண்டு. ரப்பர் கால்களைப் பிய்த்தெடுங்கள். உலோகத் தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் பிரஷ்ஷால் துடைத்த பிறகே போர்டைத் திரும்ப வையுங்கள்.

காற்று வரும் வழி

பெட்டி நன்றாக ஓடுமா, சூட்டில் திணறுமா என்பதை இந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது. மற்றதில் 2 மி.மீ. பிசகினாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது.

லேப்டாப் ஃபேன் நடுவிலிருந்து காற்றை இழுத்துப் பக்கவாட்டில் தள்ளும் வகை. இழுக்கும் வாய் 40 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 1,257 ச.மி.மீ. காற்று போகும் வழியில் எந்த இடமும் இதைவிடக் குறுகக் கூடாது. 5 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு 19.6 ச.மி.மீ., ஆக 64 துளை கணக்குக்குச் சரி. சிறு துளைகளின் ஓரங்களில் காற்று உரசி வேகம் இழப்பதால் அடிப்பலகையில், ஃபேன் வாய்க்கு நேர் கீழே 100 துளையாகப் போடுங்கள்: 10 வரிசை, வரிசைக்கு 10, மையத்துக்கு மையம் 8 மி.மீ. மொத்தம் 77 மி.மீ. சதுரத்தில் அடங்கும்.

துளை போட்ட பலகைக்கும் ஃபேன் வாய்க்கும் இடையிலான இடைவெளியையும் கவனிக்க வேண்டும். வாயின் சுற்றளவு 126 மி.மீ. இடைவெளி 5 மி.மீ. என்றால் காற்று நுழைய 630 ச.மி.மீ.தான் கிடைக்கும், அதாவது தேவையில் பாதி. 10 மி.மீ. வைத்தால் 1,260. ஸ்பேசர் 10 மி.மீ. என்று சொன்னதற்கு இதுவே காரணம். அடிப்பாகத்திலேயே உள்ள பழைய கம்பி ஜன்னல் மிக நெருக்கமாக இருந்தால், பிளாஸ்டிக்காக இருக்கும்பட்சத்தில் அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம்.

இப்போது அந்த 77 மி.மீ. சதுரத்தைச் சுற்றி, பலகைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஃபோம் டேப்பால் சுவர் எழுப்புங்கள். 15 மி.மீ. ஃபோம் 10 மி.மீ. இடைவெளிக்குள் அமுங்கி அடைத்துக்கொள்ளும். இந்தச் சுவர் இல்லாவிட்டால் ஃபேன் வெளிக்காற்றை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். வெளியேறும் பக்கத்திலும் அப்படியே: ஹீட்சிங்க் இதழ்களுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கை ஃபோமால் அடையுங்கள். தகட்டில் வெட்டும் ஜன்னல் இதழ்களைவிட நாற்புறமும் 2 மி.மீ. பெரியதாக இருக்கட்டும்.

மேல்பலகையின் பின்பக்கம் 5 மி.மீ. துளை 40 போடுங்கள். ராமும் டிஸ்க்கும் விடும் சூடு அது வழியாக மெல்ல மேலேறிப் போய்விடும். எல்லாத் துளைகளுக்கும் உட்புறமாக ஸ்டீல் கொசுவலை ஒட்டினால் கரப்பானும் பல்லிக்குட்டியும் வராது. இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இளஞ்சூடான பெட்டியைப் பூச்சிகள் விரும்பித் தேடி வரும். பல்லி ஒன்று போர்டின் மேல் படுத்தாலே ஷார்ட் ஆகப் போதும். வலை காற்றையும் சற்றுத் தடுக்கும் என்பதால் ஃபேனுக்கு அடியில் மட்டும் கண் பெரிய வலையாகப் பாருங்கள்.

பெட்டியைச் சேர்த்தல்

அடிப்பலகையில் துளைகள் முடிந்ததும் முன், பின் பலகைகளை அதன் விளிம்பில் நிறுத்தி ஃபெவிகால் வைத்து, அடியிலிருந்து மரத் திருகு போடுங்கள். 2 மி.மீ. வழிகாட்டித் துளை இல்லாமல் திருகினால் ப்ளைவுட் ஓரம் அடுக்கடுக்காகப் பிளக்கும். நான்கு உள்மூலைகளிலும் ரீப்பர் துண்டுகளை நிறுத்தி ஒட்டுங்கள். தகடும் மேல்பலகையும் பிடிப்பது இவற்றில்தான். உள் ஆழம் 255 மி.மீ. வரும். அடிப்பாகம் 235 போக மிஞ்சும் 20 மி.மீ.யை முன்பக்கம் விடுங்கள், பவர் பட்டனும் ஒயரும் அங்கே உட்காரும். பின்பக்க ரீப்பர் அடிப்பாகத்தின் மூலையில் இடித்தால் ரீப்பரைச் செதுக்குங்கள், அடிப்பாகத்தை நகர்த்தாதீர்கள். பின்பக்கம் போர்ட் உள்ள மாடல் என்றால் பின்பலகையில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, அங்கேயும் 2 மி.மீ. தகடு பதியுங்கள்.

போர்ட் ஓட்டைகளை ஸ்கேலால் அளந்து குறிப்பதைவிட எளிய வழி உண்டு. அடிப்பாகத்தைப் பெட்டிக்குள் ஸ்பேசர்மேல் பூட்டிவிட்டு, பக்கவாட்டில் ஒரு தாளை இறுக்கமாக ஒட்டி, நாணயத்தின்மேல் தாள் வைத்துத் தேய்ப்பது போலப் பென்சிலால் தேயுங்கள். போர்ட்டுகளின் விளிம்பு அப்படியே பதியும். அந்தத் தாளைத் தகட்டில் ஒட்டி, ஹெச்டிஎம்ஐக்கு 24 × 14, யூஎஸ்பிக்கு 18 × 10, வட்டப் பின்னுள்ள அடாப்டருக்கு 14 மி.மீ. வட்டம் என்று பெரிதாக்கி வெட்டுங்கள். ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். தகட்டில் துளை போடும் வேலை முழுக்கப் பெட்டிக்கு வெளியே, போர்டிலிருந்து தள்ளி நடக்க வேண்டும்.

மேல்பலகையைக் காந்தம் வைத்து மூடலாம் என்று தோன்றும், வேண்டாம். லேப்டாப் மூடி மூடியிருக்கிறதா என்று அறிய, காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார் இருக்கும். அது போர்டிலேயே உள்ள மாடல்களில் காந்தம் அருகே வந்தால் கணினி திடீரென்று உறங்கிவிடும். ஸ்பீக்கரையும் அந்த இடத்திலிருந்து தள்ளியே வையுங்கள்.

பவர் பட்டன்

பல மாடல்களில் பட்டன் ஒரு சின்னத் துணைப் போர்டில் இருந்து, ரிப்பன் கேபிளால் மதர்போர்டுக்கு வரும். துணைப் போர்டைத் தூக்கி எறியாமல் உள்ளேயே டேப் போட்டு ஒட்டிவிட்டு, அதில் உள்ள சிறு ஸ்விட்சின் கால்களில் இரண்டு மெல்லிய ஒயர் பற்றவைத்து முன்பலகைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பான வழி. ஸ்விட்சுக்கு நான்கு கால் இருந்தால், அழுத்தும்போது மட்டும் ஒன்று சேரும் இரண்டு எவை என்று மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துக் கண்டுபிடியுங்கள். கரண்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பட்டன் அழுத்தி விட்டதும் எழும்பும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் உள்ளேயே நிற்கும் வகையை வாங்கினால் கணினி ஆன் ஆகிச் சில விநாடிகளில் அணையும். பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்ததாகவே போர்டு எடுத்துக்கொள்ளும். 12 மி.மீ. முன்பலகையில் 16 மி.மீ. பட்டனின் மரை வெளியே எட்டாது என்றால், பின்புறம் 25 மி.மீ. பிட்டால் பலகையைக் குடைந்து 4 மி.மீ. ஆக்குங்கள்.

பவர் பட்டன் கீபோர்டிலேயே சேர்ந்திருக்கும் மாடல் என்றால் கீபோர்டை வெட்டப் போகாதீர்கள். ஒன்று கீபோர்டை முழுசாக உள்ளே தட்டையாக வையுங்கள், அல்லது பயாஸில் போட்ட தானாக ஆன் ஆகும் வசதியை நம்பி ஸ்விட்ச் போர்டிலிருந்தே இயக்குங்கள்.

வைஃபையும் ஸ்பீக்கரும்

வைஃபை ஆன்டெனா உடைந்த மூடிக்குள், திரையைச் சுற்றி இருக்கும். ஒயரோடு பிரித்தெடுத்து மேல்பலகையின் உட்புறம் ஒட்டுங்கள், ஒன்று நெடுக்காக, இன்னொன்று குறுக்காக, 10 செ.மீ.க்குக் குறையாத இடைவெளியில். மரம் சிக்னலை விட்டுவிடும், அலுமினியப் பக்கத்தில் ஒட்டினால் பாதி செத்துவிடும். கார்டில் மாட்டும் சின்னக் கனெக்டர் ஏறத்தாழ 30 முறை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டது. சும்மா சும்மா கழற்றாதீர்கள்.

ஸ்பீக்கரைப் பயன்படுத்தினால் இரண்டு ஒயரையும் ஸ்பீக்கருக்கே கொண்டுபோங்கள். கறுப்பு ஒயர்தானே என்று எதையாவது சட்டத்தோடு இணைத்தால் ஆடியோ சிப் போய்விடும். இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஒயரிலுமே சிக்னல் வருகிறது.

மூடும் முன், மூடிய பின்

அடாப்டர் வெளியேதான் இருக்க வேண்டும், அது தனியே சூடாகும் பொருள். இரண்டு பின் அடாப்டர் போட்டால் அலுமினியத் தகட்டைத் தொடும்போது கையில் எறும்பு ஊர்வது போல இருக்கும். அடாப்டருக்குள் உள்ள கெபாசிட்டர் வழியாக வரும் சிறு கசிவு அது. எர்த் சரியாக உள்ள பிளக்கில் மூன்று பின் அடாப்டரைப் போட்டால் நின்றுவிடும்.

மேல்பலகையைத் திறந்து வைத்து அரை மணி நேரம் புராசசருக்கு முழு வேலை கொடுத்து, வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடி அதே சோதனை. 35 டிகிரி அறையில் 85 டிகிரிக்குள் நின்றால் நல்லது. மூடியதும் 10 டிகிரிக்கு மேல் ஏறினால் எங்கோ சூடான காற்று உள்ளே திரும்புகிறது. ஃபோம் சுவரைச் சோதியுங்கள். திறந்திருக்கும்போதே 90 என்றால் பெட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை, பேஸ்ட்டும் ஹீட்சிங்க் இதழ்களுக்குள் அடைத்த தூசியும்தான் காரணம்.

விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் புராசசர்களை, ஒருசில விதிவிலக்கு தவிர, ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. லினக்ஸ் மின்ட் போட்டால் 8 ஜிபி ராமில் இந்த போர்டுகள் நன்றாக ஓடும். திரையைக் கழற்றியும் உள் திரை இருப்பதாகவே லினக்ஸ் நினைத்து, லாகின் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரைக்கு அனுப்புவது உண்டு. டிஸ்ப்ளே அமைப்பில் உள் திரையை அணைத்துவிடுங்கள். ராம் கூட்டும்போது, நான்காம் தலைமுறைக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், பழைய 1.5 வோல்ட் ராமில் ஆன் ஆகாது.

திரை உடையாமல் இருந்தால் அதையும் மானிட்டராக்கலாம். பின்னால் ஒட்டியுள்ள பேனல் எண்ணைச் சொல்லி அதற்கான கன்ட்ரோலர் போர்டு வாங்க வேண்டும். 30 பின், 40 பின் கனெக்டர்கள், பேனலுக்குப் படத்தை அனுப்பும் எல்விடிஎஸ், ஈடிபி முறைகள் எல்லாம் வெவ்வேறு. தோற்றத்தை வைத்து வாங்காதீர்கள். போர்டில் பேனல் வோல்டேஜுக்கு ஜம்பர் இருக்கும். லேப்டாப் பேனல்களுக்குப் பொதுவாக 3.3 வோல்ட். அதை 5 அல்லது 12ல் விட்டு ஆன் செய்தால் பேனல் அந்த நிமிடமே போய்விடும், ஆகவே பேனலை மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்.

பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் கணினியும் அணையும். மின்வெட்டு அடிக்கடி உள்ள ஊரில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினி இழுக்கும் குறைந்த மின்சாரத்துக்கு மானிட்டரையும் சேர்த்து வேலையைச் சேமித்து மூட நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேல்பலகையைத் திறந்து, ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் இதழ்களின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் தேய்ந்துவிடும்.